ஷாக் அப்சார்பர் க்ளிக்கை எங்கிருந்து எண்ணுவது?

ஆஃப்ரோடு வண்டியின் ஷாக்கில் கை வைக்கும் முன் டயர் காற்றைச் சரிபார்த்துவிடுங்கள். காற்று கூடுதலாக இருந்தால் எதைத் திருகினாலும் வண்டி தூக்கித்தான் போடும்.

ரீபவுண்டு திருகை (அமுங்கிய ஷாக் திரும்ப நிமிரும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) வலச்சுற்றாக, அது நிற்கும் வரை மெதுவாகத் திருகி, எத்தனை க்ளிக் (திருகும்போது கையில் தட்டுப்படும் ஒவ்வொரு படி) என்று எழுதி வையுங்கள். அது முட்டி நிற்கும் இடத்திலிருந்துதான் எண்ணிக்கை. முட்டிய பிறகும் அழுத்தித் திருகினால் உள்ளே ஊசி வால்வு கெட்டுவிடும். பழைய இடத்துக்கே திரும்பி, ஒரு தடவைக்கு 2 க்ளிக் மட்டும் மாற்றி, அதே பாதையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். இடம், வலம் இரண்டுக்கும் ஒரே அளவு.

மேட்டில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் எகிறுகிறதா? ரீபவுண்டு போதவில்லை, இறுக்குங்கள். தொடர் குழிகளில் முதல் ஒன்றிரண்டு சொகுசாகவும், போகப்போக முதுகைப் பதம் பார்ப்பதாகவும் இருந்தால் நேர்மாறு. ஸ்பிரிங் நிமிர்வதற்குள் அடுத்த குழி வந்துவிடுகிறது, தளர்த்துங்கள். (பலர் இங்கேதான் வீணாக கம்ப்ரஷனை, அதாவது ஷாக் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை, போட்டுத் திருகுவார்கள்.)

கம்ப்ரஷனைக் கடைசியில் தொட்டால் போதும். பெரிய பள்ளத்தில் ஷாக் முழுக்க அமுங்கி 'டங்'கென்று இடித்தால் கொஞ்சம் கூட்டுங்கள்.

ஓடிச் சூடானால் ஷாக்கின் உள்ளே எண்ணெய் இளகி டேம்பிங் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் திறன்) குறையும். அதனால் சற்று ஓட்டிய பிறகே அளவை முடிவு செய்யுங்கள்.