ஏற்காட்டுக்குக் கத்தியோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சேலத்தில் இருப்பவர் காட்டுக் கத்தி ஒன்று வாங்கினால் அடுத்த ஞாயிறே அதைச் சோதிக்க ஏற்காடு ஏறிவிடுவார். நானும் அப்படித்தான் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கித் திரும்பியபோது கத்தியின் முனை மட்டும் என்னோடு வரவில்லை.

பட்டுப்போன காபிக் கட்டையில் குத்தி நெம்பியதன் பலன் அது. எந்தக் கத்திக்கும் முனைதான் மெலிந்த இடம், பக்கவாட்டில் வளைத்தால் தாங்காது. மரத்தில் எறிந்து பார்ப்பதும் இதே ரகம். எறிவதற்கென்று செய்யும் கத்தியே வேறு.

அதிகம் கெடுவது விறகு பிளக்கும்போது. கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டுவார்கள். அதற்கு முன் அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால் பிடி ஒரு பக்கம், அலகு ஒரு பக்கம். மடக்குக் கத்தியில் இந்த வேலையே வேண்டாம். கணு இல்லாத, மணிக்கட்டுப் பருமனுள்ள காய்ந்த சில்வர் ஓக் கிளை போதும். முனை மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தால்தான் அதன் மேல் தட்ட முடியும். கல்லாலோ சுத்தியலாலோ தட்டாதீர்கள். சிக்கிக்கொண்டால் திருகாமல் மர ஆப்பு ஒன்றை அடித்து எடுங்கள்.

அந்தக் கிளைக்காகக் காப்புக்காட்டுக்குள் நுழைய வேண்டாம். அங்கே மரத்தை வெட்டினாலும் தீ மூட்டினாலும் குற்றம். காபித் தோட்டங்களில் நிழல் மரங்களைக் கழித்துப் போட்டிருப்பார்கள், தோட்டக்காரரிடம் கேட்டால் கிடைக்கும். அப்புறம், அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால், அது வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ செய்த கத்தியாக இல்லாதவரை, ஆயுத விதிகளுக்குள் வந்துவிடும்.

குச்சியைத் தொடை மேல் வைத்துச் சீவுவதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். தொடையின் உட்புறம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அது அறுபட்டால் மலையிறங்கி ஆஸ்பத்திரி சேரும் வரை தாங்குமா? முழங்கை இரண்டையும் முட்டியில் ஊன்றி, முட்டிகளைத் தாண்டி முன்னால் சீவுங்கள்.

அலகை அடுப்பில் காட்டிக் கிருமி நீக்குகிறவர்களும் உண்டு. இரும்பு நீலம் பூத்தால், பட்டறையில் போட்ட துவைச்சல், அதாவது இரும்பைக் காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம், அந்த இடத்தில் போயிற்று. எவ்வளவு சாணை பிடித்தாலும் கூர் நிற்காது.

ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் கார்பன் எஃகு சீக்கிரம் துருவேறும். ஆரஞ்சு நறுக்கிவிட்டு அப்படியே தோலுறையில் செருகினால் இன்னும் மோசம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். மார்கழிக் காலையில் அது உறைந்துதான் இருக்கும், விரலால் தேய்த்தால் சரி.

கடைசியாக, புதிதாக வாங்கிய அன்று காகிதத்தை அறுத்துப் பார்த்து மயங்குவது. புதுக் கத்தி எதுவும் காகிதம் அறுக்கும். நாலு கட்டை பிளந்து, அரை மணி நேரம் சீவிய பிறகு ஒரு தக்காளியை எடுங்கள். அழுத்தாமலே தோல் விட்டுக்கொடுக்கிறதா என்று அப்போது பாருங்கள்.