கற்சுண்ணாம்பின் சூட்டை அளந்து தரம் பார்ப்பது எப்படி

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாங்கிய கற்சுண்ணாம்பு, தண்ணீர் பட்டதும் புகைந்து கொதிப்பதைக் கொங்கு ஊர்களில் பலரும் பார்த்திருப்பார்கள். மதுக்கரை, சங்ககிரிப் பக்கம் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். அது தண்ணீரோடு சேர்ந்து நீறும்போது மோலுக்கு, அதாவது சுமார் 56 கிராம் கால்சியம் ஆக்சைடுக்கு, 65.2 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். இந்த எண் தெரிந்தால் போதும். மூட்டையில் வேலைக்காகும் சுண்ணாம்பு எவ்வளவு என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு தெர்மாகோல் கப், துளையிட்ட அட்டை மூடி, 0.1 டிகிரி காட்டும் வெப்பமானி, கிராம் தராசு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதலில் கப் குடிக்கும் வெப்பத்தைப் பிடியுங்கள். 27.0 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் இருக்கும் கப்பில், 47.0 டிகிரித் தண்ணீர் 100 கிராம் ஊற்றுங்கள். 37.0 வர வேண்டிய இடத்தில் 36.6 வந்தால், ஒரு கிராம் தண்ணீருக்கு டிகிரிக்கு 4.18 ஜூல் என்ற கணக்கில் சுடுநீர் இழந்தது 4347 ஜூல், குளிர்நீர் பெற்றது 4013. மிச்சம் 334-ஐ 9.6 டிகிரியால் வகுத்தால், கப்புக்கு டிகிரிக்குச் சுமார் 35 ஜூல்.

இனிச் சோதனை. கப்பில் 200 கிராம் தண்ணீர் எடுத்து, 3 நிமிடம் அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். அப்போதே இடித்துச் சலித்த சுண்ணாம்பு 5 கிராமைத் தண்ணீரில் தூவி, மூடிக் கலக்குங்கள். சுண்ணாம்பின் மேல் கொஞ்சமாகத் தண்ணீர் விடாதீர்கள். அந்த இடம் மட்டும் கொதித்துத் தெறிக்கும். உச்சம் தாண்டிய பிறகும் 5 நிமிடம் குறித்துக்கொண்டே இருங்கள். வரைபடத்தில் இறங்கும் கோட்டைச் சுண்ணாம்பு போட்ட நேரம் வரை பின்னோக்கி நீட்டினால் உண்மையான ஏற்றம் கிடைக்கும். நேரடியாகப் பார்த்த உச்சத்தை எடுத்தால், கசிந்த வெப்பம் கணக்கில் விட்டுப்போகும்.

ஏற்றம் 5.4 டிகிரி என்றால்: (200 × 4.18 + 35) × 5.4 = 4703 ஜூல். 5 கிராம் என்பது 0.0892 மோல், ஆக மோலுக்கு 52.7 கிலோஜூல். 65.2-ஆல் வகுத்தால் 81 சதவீதம். ஐந்து கிராம் சுண்ணாம்பு தானே வாங்கும் வெப்பம் மிகக் குறைவு, அதை விட்டுவிடலாம்.

எண் தாழ்ந்தால் முதலில் மூட்டையைச் சந்தேகியுங்கள். திறந்து கிடந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தால் முன்பே நீறியிருக்கும், அது சூடு தராது. காற்றுப் புகாத டப்பாவில் வைத்ததையே எடுங்கள். கால் மணி நேரமாகியும் வெப்பம் மெல்ல ஏறிக்கொண்டே இருந்தால், கட்டி இருக்கிறது அல்லது காளவாயில் அதிகம் வெந்த கல். சல்பேட் மிகுந்த போர்த் தண்ணீரும் நீறுவதை மந்தமாக்கும். பேட்டரிக்கு வாங்கும் காய்ச்சி வடித்த நீர் நல்லது. மூன்று முறை செய்து பாருங்கள். வெப்பமானியின் 0.1 டிகிரிப் பிழையே 2 சதவீதம் ஆகிவிடும்.