எப்போதாவது வரைபவர்களுக்கு கேட் மென்பொருள் உரிமம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல அலுவலகங்களில், கணினியில் வரைபடம் வரைய உதவும் கேட் மென்பொருளில் நாள் முழுவதும் வரைபடம் போடுபவர்கள் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் ஓர் அளவைச் சரிபார்க்கவும், எப்போதாவது ஒரு சுவரை நகர்த்தவும், ஒப்பந்ததாரருக்குப் பிரதி எடுத்துத் தரவும் மட்டுமே வரைபடக் கோப்பைத் திறக்கிறார்கள். இத்தகைய அலுவலகங்கள் செய்யும் முதல் தவறும் பெரிய தவறும் தலைக்கொரு உரிமம் வாங்குவதுதான். வாங்குவதற்கு முன் ஒரு மாதம், யார் எதற்காகக் கோப்பைத் திறந்தார், எவ்வளவு நேரம் வேலை செய்தார் என்று குறித்து வைத்துப் பார்த்தால், அவற்றில் கணிசமான பங்கு பார்ப்பதும் அளப்பதும் அச்சிடுவதும்தான் என்பது தெரியவரும். அந்த வேலைகளுக்குக் கட்டண உரிமமே தேவையில்லை. ஆட்டோகேட் என்ற கேட் மென்பொருளைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் விண்டோஸ் கணினிகளுக்கு இலவசமாக வழங்கும் டிடபிள்யூஜி ட்ரூவியூவில் (டிடபிள்யூஜி என்பது ஆட்டோகேடின் கோப்பு வடிவம்) கோப்பைத் திறக்கலாம், அளக்கலாம், அச்சிடலாம், பழைய பதிப்பு வடிவத்துக்கு மாற்றவும் செய்யலாம். திருத்த மட்டும் முடியாது.

அரிதாக வரைபவர்களுக்கென்றே 2021-இல் ஆட்டோடெஸ்க் கொண்டுவந்த ஃப்ளெக்ஸ் முறையில், முன்கூட்டி வாங்கி வைத்த டோக்கன்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் நாளில் மட்டும் கழியும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கணக்கு மணிக்கணக்கில் அல்ல. ஒருவர் ஐந்து நிமிடம் திறந்தாலும் 24 மணி நேரத்துக்கான டோக்கன் கழிந்துவிடும். இங்கேதான் பலர் கவனிக்காத ஓட்டை இருக்கிறது. மின்னஞ்சலில் வந்த டிடபிள்யூஜி கோப்பின் மேல் ஒருவர் இருமுறை சொடுக்குகிறார். கணினியில் அந்த வகைக் கோப்புக்கு ஆட்டோகேட் இயல்பு மென்பொருளாக அமைந்திருப்பதால் அதுவே திறக்கிறது. ஒரு கதவின் அகலத்தைப் பார்த்துவிட்டு மூடியதற்கு ஒரு நாள் டோக்கன் போய்விடுகிறது. எப்போதாவது வரைபவர்களின் கணினிகளில் ட்ரூவியூவை இயல்பு மென்பொருளாக மாற்றி, திருத்த வேண்டியபோது மட்டும் ஆட்டோகேடைத் தனியாகத் திறக்கச் சொன்னால் இந்த ஓட்டை அடைபடும். டோக்கன்கள் ஓராண்டில் காலாவதியாவதால், விலை குறைகிறதே என்று மொத்தமாக வாங்கிக் குவிப்பதும் நட்டம்.

ஒரே பயனர் கணக்கின் கடவுச்சொல்லை நான்கு பேர் பகிர்ந்துகொள்வது சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால் பெயர் குறித்த சந்தா ஒருவருக்கு மட்டுமே உரியது. பகிர்வது ஒப்பந்த மீறல், தணிக்கையில் சிக்கினால் மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாகக் கட்ட நேரிடும். பலர் மாறி மாறிப் பயன்படுத்த நேர்வழி நெட்வொர்க் உரிமம்: எத்தனை பேர் பயன்படுத்தினாலும், ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம் என்பதுதான் இதில் கணக்கு. ஆனால் ஆட்டோடெஸ்க் தனது நெட்வொர்க் சந்தாக்களை 2020 ஆகஸ்ட் தொடங்கிப் படிப்படியாக நிறுத்திவிட்டது. பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்ற மாற்று கேட் மென்பொருள்களில் நெட்வொர்க் உரிமமும் உண்டு, ஒரே முறை பணம் கட்டி வாங்கும் நிரந்தர உரிமமும் உண்டு. எட்டுப் பேர் வரைந்தாலும் ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் வரைவதில்லை என்றால் இரண்டு உரிமங்கள் போதும். அவசர வேலை வந்து மூவர் மோதும் நாள்கள் எத்தனை என்பதையும் அந்த ஒரு மாதக் குறிப்பே சொல்லும்.

மாற்று மென்பொருளுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு, அதனுடன் வரும் மாதிரிக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது. சோதிக்க வேண்டியது உங்கள் அலுவலகத்திலேயே உள்ள மிகச் சிக்கலான பழைய கோப்பை: வெளிக்கோப்பு இணைப்புகள் இருக்க வேண்டும், டைனமிக் பிளாக் (அளவையும் வடிவத்தையும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஆயத்த உருவம்) இருக்க வேண்டும், ஆட்டோகேடுக்கே உரிய எஸ்எச்எக்ஸ் எழுத்துரு இருக்க வேண்டும். அதைத் திறந்து, திருத்தி, சேமித்து, பிறகு ஆட்டோகேடில் மீண்டும் திறந்து பாருங்கள். ஏ1 தாளில் அச்சிட்டு, கோட்டின் தடிமனையும் அளவுகோலையும் ஒப்பிடுங்கள். லிப்ரேகேட் கட்டணமற்ற திறந்தமூல மென்பொருள், எளிய இருபரிமாண வேலைக்குப் போதுமானது. ஆனால் அது டிஎக்ஸ்எஃப் என்ற வேறொரு வரைபட வடிவத்தில்தான் சேமிக்கும் என்பதால், வாடிக்கையாளர் டிடபிள்யூஜி கேட்கும் இடத்தில் சிக்கல் வரும்.

முப்பரிமாணத்தில் வரையாதவர்களுக்கு முழு ஆட்டோகேட் வாங்குவது வீண். இருபரிமாண வேலைக்கான ஆட்டோகேட் எல்டி பதிப்பு போதும், 2024 பதிப்பிலிருந்து அதில் ஆட்டோலிஸ்ப் நிரல்களும் (வரைதல் வேலைகளைத் தானாகச் செய்விக்கும் சிறு நிரல்கள்) இயங்குகின்றன. மாணவர் உரிமத்தை வணிக வேலைக்குப் பயன்படுத்துவது விதிமீறல். இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் அலுவலகத்தின் மொத்த வேலையையும் கட்டி வைப்பதும் ஆபத்து. பல ஆண்டுகள் இலவசமாகக் கிடைத்த டிராஃப்ட்சைட் என்ற கேட் மென்பொருள், 2019 முடிவோடு இலவசப் பதிப்புகளை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்தவர்கள் பணம் கட்டவோ வேறு மென்பொருள் தேடவோ வேண்டியதாயிற்று.

சந்தா எடுத்தவர்கள் தானியங்கிப் புதுப்பிப்பைக் கவனிக்காமல் விடுவதும் உண்டு. ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் வரைபவருக்கு, மாதக் கணக்கில் பார்க்க விலை கூடுதலாகத் தெரிந்தாலும் மாதச் சந்தாதான் மலிவு. ஆனால் அந்த இரண்டு மாதம் முடிவதற்குள் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துவது யாருடைய பொறுப்பு என்பதை வாங்கும்போதே எழுதி வைக்க வேண்டும்.