கிளென்கோவில் முதல் மூன்று நாட்கள்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஃபோர்ட் வில்லியம் ஊருக்குப் போகும் பஸ் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் கிளென்கோ கிராமத்தில் இறங்கலாம். இறங்கியதுமே 'பாப் ஆஃப் கிளென்கோ' என்ற 742 மீட்டர் மலை எதிரே நிற்கும். உடனே ஏறத் தோன்றும். முதல் நாள் வேண்டாம்.

முதல் நாள் கிராமத்தை ஒட்டிய கிளென்கோ லாக்கன் ஏரியைச் சுற்றுங்கள். கனடாவில் பிறந்த மனைவி இசபெல்லாவுக்கு ஊர் ஏக்கம் என்று, ஸ்ட்ராத்கோனா பிரபு 1890களில் வட அமெரிக்க மரங்களை நட்டு உருவாக்கிய இடம் அது. கடல் கடந்து வந்து வாழும் எனக்கு, அந்த மரங்களடியில் நடக்கும்போதெல்லாம் அவள் நினைவு வரும். பாதை எளிது. புது பூட்ஸ் எங்கே கடிக்கிறது, மழைக்கோட்டில் எங்கே ஒழுகுகிறது என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். ஜீன்ஸ் மட்டும் அணியாதீர்கள்; நனைந்த பருத்தி உடல் சூட்டை உறிஞ்சிவிடும்.

இரண்டாம் நாள் கோரி கேபல். மெக்டொனால்டு குலத்தார் கவர்ந்து வந்த மாடுகளை ஒளித்துவைத்த பள்ளத்தாக்கு என்பார்கள். 'மூன்று சகோதரிகள்' மலைகளுக்கு எதிரே உள்ள வாகன நிறுத்தத்திலிருந்து இறங்கி, கோ ஆற்றுப் பாலத்தைக் கடந்து, செங்குத்தான ஓடைப் பிளவு வழியே ஏற வேண்டும். போய்வர 4 கிலோமீட்டர்தான். ஆனாலும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பல இடங்களில் கையூன்றித்தான் ஏற முடியும்.

மேலே ஓரிடத்தில் கற்கள்மீது கால் வைத்து ஓடையைக் கடக்க வேண்டும். ஓர் அக்டோபரில், இரவெல்லாம் மழை பெய்த மறுநாள், மகளுடன் அங்கே நின்றேன். கற்களின் தலை தெரியவில்லை. "நாலு எட்டுதானே அம்மா" என்றாள். நான் திரும்பிவிட்டேன், வழி முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. அடுத்த மே மாதம் அதே கற்களில் பூட்ஸ் நனையாமல் கடந்தோம். கற்கள் மூழ்கியிருந்தால் கடக்காதீர்கள். மலை ஓடை சில மணி நேரத்தில் பொங்கும். போகும்போது தாண்டியதை வரும்போது தாண்ட முடியாமலும் போகலாம். அதனால் மழை வலுத்தால் மேலே தங்காதீர்கள். நீர் தாழ்ந்திருந்தால் தாண்டிப் போங்கள்: பெரும்பாறைகளுக்கு அப்பால் திடீரென்று ஒரு சமவெளி விரியும்.

ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். தலையில் மாட்டும் டார்ச் எந்த மாதமும் பையில் இருக்கட்டும். செல்போன் சிக்னலை நம்பாமல் பிரிட்டிஷ் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 384ஆம் எண் காகித வரைபடத்தை எடுத்துச் செல்லுங்கள். ஆபத்தென்றால் 999ஐ அழைத்து, போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள்.

கோடையில் மிட்ஜ் என்னும் பொடிப் பூச்சிகள் மொய்க்கும். காற்றடித்தால் அவை பறக்காது. அதனால் சாப்பிட உட்கார ஓடைக்கரை நிழலை விட்டு, காற்று வீசும் மேட்டைத் தேடுங்கள். புதர்ச் செடிகளில் உண்ணி இருக்கும்; லைம் என்னும் பாக்டீரியா நோயைப் பரப்பக்கூடியது. காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். இரவில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுங்கள்.

மூன்றாம் நாள் மேகம் விலகியிருந்தால் பாப் மலை ஏறுங்கள். அடிவாரப் பாதை சேறாக இருக்கும். உச்சிக்குச் சற்று முன் பாறைகளைக் கையால் பற்றி ஏற வேண்டும். மேலே நின்றால் லாக் லீவன் என்னும் கடல் ஏரி முழுவதும் காலடியில் கிடக்கும்.