சென்னை விமானம் ரத்து, ஹனோய்க்குக் கொச்சி வழி

வியட்நாமில் ஆங்கிலம் கற்பிக்கப் பட்டமும், பெரும்பாலும் 120 மணி நேர டெஃபல் (ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சி) சான்றிதழும் கேட்பார்கள். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டியிருந்தது. அதை ஏஜென்டிடம் விட்டுவிட்டேன்.

வியட்நாம் தலைநகர் ஹனோய்க்குக் கிளம்பும் நாளில்தான் சிக்கல். கோபியிலிருந்து வந்து அவிநாசி தாண்டும்போது குறுஞ்செய்தி: சென்னையில் கனமழை, கோவை–சென்னை விமானம் ரத்து. நல்லவேளை, ஹனோய் வரைக்கும் ஒரே பிஎன்ஆர், அதாவது ஒரே முன்பதிவு எண். அதனால் மாற்று விமானம் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தின் காசு போனது போனதுதான்.

கோவை விமான நிலையக் கவுன்ட்டரில் "நாளைக்குப் பாருங்க" என்றார்கள். நானே போனில் தேடி, கொச்சியில் இரவு கிளம்பும் விமானத்தைக் காட்டி, அதற்கு மாற்றச் சொன்னேன். ஒன்றில் மட்டும் பிடிவாதம்: இறங்குவது ஹனோயாகவே இருக்க வேண்டும். இ-விசாவில் இறங்கும் விமான நிலையமும் குறிப்பிட்டிருக்கும். அங்கே போய் யார் வாதாடுவது?

கொச்சி விமான நிலையம் இருப்பது நெடும்பாசேரியில். "நெடும்பாசேரிதானே கண்ணு, போயரலாம் ஏறு" என்றார் சித்தப்பா. வாளையார், பாலக்காடு, குதிரான் சுரங்கம், வழியெல்லாம் லாரி. கொச்சியில் பெட்டி எடை கூடிவிட, அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியில் பாதி சித்தப்பாவோடு திரும்பியது. அசல் சான்றிதழ்கள் கைப்பையில் இருந்ததால் பெட்டியைப் பிரித்தபோது பதற்றமில்லை. கவுன்ட்டர் மூடுவதற்குள் போர்டிங் பாஸ் கைக்கு வந்துவிட்டது.