மணிலாக் கொல்லையில் வேட்டித் துணியைப் புதைத்துப் பாருங்கள்

எங்கள் நிலம் செஞ்சிப் பக்கம். செம்மண், மானாவாரி. ஆடியில் மணிலா போடுவோம். நிலக்கடலை என்று சொன்னால் எங்கள் ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எந்தக் களை மருந்து நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம், வீட்டில் பழைய வேட்டி இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

களை செத்ததா என்பது மேலே பார்த்தாலே தெரியும். மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் என்ன ஆயின என்பதற்குத்தான் வேட்டி. அவை நன்றாக இருந்தால் துணியைத் தின்று மக்க வைத்துவிடும். சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தது மக்காது. கரையை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு சாண் சதுரமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு விதமாகக் களை எடுக்கும் இடங்களில், இடத்துக்கு மூன்று துண்டு, நான்கு விரல் ஆழத்தில் படுக்கையாகப் புதையுங்கள். பக்கத்தில் மூங்கில் குச்சி நடுங்கள். முதல் வருஷம் நான் நடவில்லை. பாதித் துணி இன்னும் கொல்லையில்தான் கிடக்கிறது.

அறுபது நாள் கழித்து எடுங்கள். களைக்கொத்தால் கொத்தி, வெட்டிய களையைச் சாலிலேயே பரப்பிவிட்ட இடத்தில், எனக்கு நூல் நூலாகத்தான் வந்தது. தொட்டால் கையோடு பிய்ந்தது. விதைத்த மூன்றாம் நாளுக்குள் பெண்டிமெத்தலின் என்ற களை மருந்தை அடித்துப் பிறகு ஒரு கைக்களை எடுத்த இடத்திலும் அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. அளவோடு ஒருமுறை அடித்தால் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மீண்டுவிடும். நான் அதை ஒரேயடியாகத் திட்டமாட்டேன். வருஷத்துக்கு மூன்று முறை கிளைபோசேட் என்ற களை மருந்தை அடித்து மொட்டையாக வைத்திருந்த வரப்போரத்தில்தான், துவைத்துக் கட்டிக்கொள்ளலாம் போல துணி முழுசாக வந்தது.

அதற்கு மருந்து மட்டும் காரணமில்லை. ஃபினைல் அலனின், டைரோசின், டிரிப்டோபான் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செடி செய்துகொள்ளும் வழியைக் கிளைபோசேட் அடைக்கிறது. அதே வழி பூஞ்சைகளிலும் பல பாக்டீரியாக்களிலும் உண்டு. அதைவிடப் பெரிய விஷயம் பட்டினி. உயிருள்ள வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்றுதான் நுண்ணுயிர்களில் பெரும்பகுதி வாழ்கிறது. புல்லே முளைக்காத மண்ணில் அவற்றுக்குச் சோறு ஏது? அதனால் வரப்புப் புல்லை இப்போது பூக்கும் முன் அரிவாளால் அறுப்பதோடு சரி. 2022-இல் மத்திய அரசும் கிளைபோசேட்டுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ஒரு எச்சரிக்கை. கரையான் தின்ற துணியைப் பார்த்து ஏமாறாதீர்கள். கரையான் தின்றால் ஓட்டை ஓட்டையாக, ஓரத்தில் மண் பூசியிருக்கும். மிச்சத் துணி உறுதியாக இருக்கும். நுண்ணுயிர் தின்றால் கறுப்பும் பழுப்புமாகக் கறை படிந்து, துணி முழுக்க நைந்து போகும்.

மணிலா போடுகிறவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. முப்பத்தைந்து, நாற்பதாம் நாளில் இடத்துக்கு ஐந்து செடி தோண்டி எடுங்கள். பிடுங்கினால் வேர் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வாளித் தண்ணீரில் வேரை அலசி, முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே ரத்தம் மாதிரி சிவப்பாகவோ ரோஸாகவோ இருந்தால் முடிச்சில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

மருந்தே வேண்டாம், ரொட்டாவேட்டர் ஓட்டிவிடலாம் என்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப ஓட்டினால் வேரோடு சேர்ந்து செடிக்கு உதவியாக மண்ணில் நூல்போல ஓடும் வேர்ப்பூஞ்சை அறுந்துபோகும். கோரை இருந்தால் இன்னும் மோசம். கிழங்குகள் அறுந்து சிதறி, சிதறின இடமெல்லாம் முளைக்கும். எனக்கு ஒரு மூலையில் இருந்த கோரை, இரண்டே ஓட்டில் கால் காணிக்குப் பரவியது. நாற்பத்தைந்து நாளுக்கு மேல் மணிலாச் சாலைக் கிளறவே கூடாது, காய் பிடிக்கும் விழுது பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் நேரம். அதற்குள் இரண்டு களையையும் முடித்து, ஜிப்சம் போட்டு மண் அணைத்துவிடுங்கள்.

அப்புறம் விதை நேர்த்தி. பூஞ்சாணக் கொல்லியையும் ரைசோபியத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். முதலில் கொல்லி, இருபத்துநான்கு மணி நேரம் கழித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கரைத்து விதையில் பிசறி, நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதையுங்கள்.