ஆண்டுச் சந்தாப் பணத்தைத் தொடாதீர்கள்: மல்டிபிளேயர் விளையாட்டு உருவாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் காவேரிப்பட்டணத்திலிருந்து பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள் நால்வர் தருமபுரியில் நாங்கள் விளையாட்டு உருவாக்கும் மாடி அறைக்கு வந்திருந்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழாவை, பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் விளையாட்டாகச் செய்திருக்கிறார்கள். ஒரே வீதியில் பத்துப் பேர் தத்தம் காளையை ஓட விட, குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடந்த காளை வெல்லும். காளையின் திமில் அசைவதிலிருந்து வீதியில் எழும் புழுதி வரை அத்தனை நேர்த்தி. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கடைசியாக அவர்கள் வரவு செலவுத் திட்டத்தைக் காட்டினார்கள். அதில் ஒரு வரி: “முதல் 500 பேருக்கு வாழ்நாள் சந்தா 499 ரூபாய்.” அவர்களில் ஒரு பெண், “இது மட்டும் வந்துட்டா சர்வர் செலவைப் பத்திக் கவலையே இல்லைக்கா” என்றாள்.

ஏறத்தாழ அதே வரி 2022-ஆம் ஆண்டின் என் குறிப்பேட்டில் இன்றும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். குறியீட்டில் வரும் பிழைகள், விளையாட்டை இணையத்தில் நடத்தும் கணினியான சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம் (பிங்) நீள்வது, சோதிக்காமல் வெளியிடுவது போன்றவற்றை எவரும் ஒரு வாரத்தில் தாமாகவே கற்றுக்கொள்வார்கள். காசு வாங்கும் முறையில் செய்யும் தவறு தெரிய வருவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடுகிறது.

வாசலிலேயே கட்டணம் கேட்பது

புதிதாக வருவோர் பெரும்பாலும் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டை முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். 2004 நவம்பரில் வெளியான அந்த விளையாட்டு அமெரிக்காவில் மாதம் 14.99 டாலர் வாங்கியது. 2010-இல் அதற்கு 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். அதைப் பார்த்து அதே வழியில் இறங்கிய மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பரில் கட்டாயச் சந்தாவோடு வந்த ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக், ஓராண்டு நிறைவதற்குள் இலவசமாக ஆடவும் வழி திறந்தது. 2014 ஏப்ரலில் வந்த தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன், 2015 மார்ச்சில் கட்டாயச் சந்தாவைக் கைவிட்டது. அதே 2014-இல் வந்த வைல்டுஸ்டார், அடுத்த ஆண்டு இலவசமாகி, 2018 நவம்பரில் மூடப்பட்டது. சந்தாவை விடாமல் இன்றும் நிலைத்திருக்கும் ஃபைனல் ஃபேன்டசி 14-கூட, புதியவர்கள் 70-ஆம் நிலை வரை நாள் கணக்கின்றி இலவசமாக ஆடலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

மல்டிபிளேயர் விளையாட்டில் நாம் விற்கும் சரக்கே எதிரில் ஆட ஆள் இருப்பதுதான். எங்கள் விளையாட்டு ஒகேனக்கல் பரிசல் போட்டி. ஒரு சுற்றுக்கு எட்டுப் பேர் வேண்டும். முதலில் சந்தா கட்டியவர்களை மட்டுமே உள்ளே விட்டோம். இரவு பதினொரு மணிக்குக் காத்திருப்புத் திரையில் எட்டு வட்டங்களில் மூன்று மட்டும் பச்சையாகி, மற்ற ஐந்தும் சாம்பல் நிறத்திலேயே நின்றதை நாங்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தோம். காசு கட்டிய அந்த மூவரும் நான்கு நிமிடம் காத்திருந்துவிட்டு வெளியேறினார்கள். இலவசமாக ஆடுபவர் நமக்கு நட்டமல்லர். அவர் வந்தால்தான் சந்தா கட்டியவருக்குப் போட்டியே நடக்கும்.

ஆண்டுச் சந்தாவை வருமானம் என்று எண்ணுவது

இதைப் பற்றி மட்டும் நீளமாகச் சொல்லப் போகிறேன். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் நினைத்தால் எனக்கு ஆற்றாமை வருகிறது.

2022 ஆடிப்பெருக்கு அன்று நாங்கள் ஒரு சலுகை அறிவித்தோம். மாதச் சந்தா 49 ரூபாயாக இருந்தபோது, ஆண்டுச் சந்தாவை 299 ரூபாய்க்குக் கொடுத்தோம். பத்து நாளில் 1,040 பேர் சேர்ந்தார்கள். மொத்தம் 3,10,960 ரூபாய். பென்னாகரத்துக்காரர்கள், ஓசூரில் வேலை பார்ப்பவர்கள், பெங்களூரில் தங்கியிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்று பலரும் வாழ்த்துச் செய்தி அனுப்பினார்கள். மூன்று பேர் கொண்ட எங்கள் குழு அன்றிரவு தூங்கவே இல்லை.

அந்தத் தொகையை நாங்கள் முதலில் சரியாகக் கணக்கிடவில்லை. 299 ரூபாய்க்குள் 18 விழுக்காடு ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது; அதைக் கழித்தால் 253 ரூபாய் சொச்சம். சந்தாவுக்குச் செயலிக் கடை அப்போது எடுத்துக்கொண்ட 15 விழுக்காட்டையும் கழித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 215 ரூபாய். 1,040 பேருக்கும் சேர்த்து 2 லட்சத்து 24 ஆயிரம். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 18,700 ரூபாய்கூட வராது. எங்கள் சர்வர் கட்டணமோ மாதம் 21,000 ரூபாய். ஆக, அந்தப் பணத்தில் ஒரு பைசாவைக்கூடத் தொடாமல் இருந்திருந்தாலும் மாதந்தோறும் இரண்டாயிரத்துக்கு மேல் கையிலிருந்து போட வேண்டியிருந்திருக்கும். நாங்கள் செய்ததோ வேறு. 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு இரண்டு கணினிகள் வாங்கினோம். வெள்ளக் காலத்து ஆற்றை வரைந்து தரும்படி ஓர் ஓவியருக்கு 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். புரட்டாசி முடியும்போது வங்கிக் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய்தான் மிஞ்சியிருந்தது. அடுத்த ஆடி வரைக்குமான பத்து மாதக் கட்டணம், 2 லட்சத்து 10 ஆயிரம், எங்கள் எதிரில் நின்றது.

புதிய சந்தாக்கள் வந்து அதை ஈடுகட்டும் என்று நம்பினோம். வரவில்லை; வராததற்குக் காரணமும் நாங்கள்தாம். மாதம் 49 ரூபாய் விடாமல் கட்டக்கூடிய அளவுக்கு எங்கள் விளையாட்டை நேசித்தவர்கள் யாரோ, அவர்கள்தாம் முந்திக்கொண்டு ஆண்டுச் சந்தாவை எடுத்திருந்தார்கள். நம்மிடம் மிகுந்த பற்றுள்ளவர்களிடம் மிகக் குறைந்த விலையை வாங்கிவிட்டு, எஞ்சியிருந்த தயக்கக்காரர்களிடம் முழு விலையை எதிர்பார்த்தோம்.

இதைவிடப் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. மாதச் சந்தாக்காரர் சலித்துப் போனால் அடுத்த மாதமே நிறுத்திவிடுவார். எங்கோ தவறு செய்கிறோம் என்று நமக்கு உடனே உறைக்கும். ஆண்டுச் சந்தாக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஆடுவதை நிறுத்திவிடுகிறார். கணினித் திரையில் எண்ணிக்கைகளைக் காட்டும் எங்கள் பலகையில் “சந்தாதாரர்கள் 1,040” என்ற எண் மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. மார்கழியில்தான், கடந்த முப்பது நாளில் உண்மையில் உள்ளே வந்து ஆடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். 312 பேர். துடுப்பைத் திருப்பும்போது பரிசல் இரண்டு சுற்று கூடுதலாகச் சுழல்கிறது என்ற குறையை ஐப்பசியில் ஒரு திருத்தத்தின்போது நாங்களே உண்டாக்கியிருந்தோம். அதைச் சொல்லக்கூட ஆளில்லாமல் போயிருந்தது.

மூடிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 1,040 பேரிடம் ஓராண்டுக்கு வாக்குக் கொடுத்துக் காசு வாங்கியிருக்கிறோம். திருப்பிக் கொடுக்கப் பணமில்லை. தை மாதம் என் வளையல்கள் நகைக்கடனுக்குப் போயின. அந்தச் சமயத்தில் என் அம்மா சொன்னது: “முதல் மாசமே சீட்டை எடுத்துச் செலவு பண்ணிட்டா, மிச்ச மாசமெல்லாம் வெறுங்கையோட தவணை கட்டணும் கண்ணு. இதுகூடவா உங்களுக்குத் தெரியல?” முப்பது ஆண்டுகளாகத் தெருவில் சீட்டுப் பிடித்தவர் அவர். கணக்காளர்கள் இந்தப் பணத்தை ஈட்டாத வருவாய் என்று, இன்னும் தீர்க்க வேண்டிய கடனைப் போலப் பொறுப்புப் பக்கத்தில் எழுதுகிறார்கள். அம்மாவின் சீட்டுக் கணக்கும் அதையேதான் சொன்னது.

ஆண்டுச் சந்தா வாங்கியே ஆக வேண்டுமென்றால், தனியாக ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து வரியும் தரகும் போக மிஞ்சுவதை அப்படியே அதில் போடுங்கள். மாதம் ஒருமுறை பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள். அந்த ஒரு பங்கு சர்வர் கட்டணத்தைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் விலையையே முடிவு செய்ய வேண்டும். மாத விலையில் பத்து மாதத் தொகைக்குக் கீழே ஆண்டு விலையை இறக்க வேண்டாம் என்பது இப்போது எங்கள் வழக்கம்.

வாழ்நாள் சந்தா

கூடவே கூடாது. செலவு மாதந்தோறும் வரும். வரவு ஒரே ஒரு முறைதான் வரும்.

தானியங்கிப் பற்று தவறாமல் நடக்கும் என்று நம்புவது

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு, ஒருமுறை சேர்ந்தவரிடமிருந்து பணம் தானாக வந்துகொண்டே இருக்கும் என்று பலர் திட்டமிடுகிறார்கள். நம் நாட்டு நடைமுறை வேறு. 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கார்டில் தொடர் பற்று வைப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். வேண்டாம் என்றால் அவர் அப்போதே விலகலாம். இது நல்ல விதி. ஆனால் உங்கள் வரவுக் கணக்கில் இந்த விலகலுக்கு இடம் விட்டிருக்க வேண்டும். 2020-இல் வந்த யுபிஐ ஆட்டோபே, கார்டு இல்லாதவர்களையும் சந்தாவுக்குள் கொண்டுவந்தது. எங்கள் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் அந்த வழியில்தான் கட்டுகிறார்கள்.

பற்று வைக்கும் தேதியைக் கவனியுங்கள். எங்களுக்கு ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதிப் பற்றுகள் கொத்துக் கொத்தாகத் தோற்றன. யாரென்று பார்த்தால், ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் இளைஞர்கள். அவர்களில் பலருக்குச் சம்பளம் 7-ஆம் தேதிக்கு மேல்தான் வரும். கணக்கில் 49 ரூபாய் இல்லாத அன்று அவர்களை விளையாட்டிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தோம். பற்றுத் தேதியை 10 என்று அவர்களே தேர்ந்தெடுக்கும்படி மாற்றி, பற்று தோற்றால் ஏழு நாள் பொறுத்திருக்கவும் தொடங்கினோம். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

ரத்து செய்யும் பொத்தானை ஒளிப்பது

சேர்ந்தவர் எளிதில் விலக முடியாதபடி இப்படிச் செய்வதற்குச் சந்தாப் பொறி என்று பெயர்; அது 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த வழிகாட்டு நெறிகளில் தடுக்கப்பட்ட 13 ஏமாற்று உத்திகளுள் ஒன்று.

சந்தாப் பணத்திலிருந்து பரிசுத்தொகை கொடுப்பது

“மாதச் சந்தாவில் பாதியை வெற்றியாளருக்குக் கொடுத்தால் ஆட்கள் குவிவார்கள்” என்று என்னிடம் சொல்லாத புதியவர் இல்லை. தயவுசெய்து இதில் இறங்காதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் எதிர்பார்ப்போடு ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. அதில் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு கிடையாது. அத்தகைய விளையாட்டை நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று அது சொல்கிறது. அதே சட்டம், பந்தயமாக அமையாத சந்தாவையோ நுழைவுக் கட்டணத்தையோ வாங்கிக்கொண்டு பொழுதுபோக்குக்காக நடத்தும் விளையாட்டுகளைத் தனி வகையாக ஏற்கிறது. நம் போன்ற சிறு குழுக்களுக்கு இது பெரிய ஆறுதல். அந்தக் கோட்டை ஒரு பரிசுத்தொகைக்காகத் தாண்டுவது, பிழைப்பையே பணயம் வைப்பதாகும். சட்டம் தெரிந்த ஒருவரிடம் கட்டண முறையைக் காட்டிக் கேட்ட பிறகே வெளியிடுங்கள்.

பெரிய நிறுவனங்களின் கூடைச் சந்தாவில் இடம் கிடைக்கும் என்று காத்திருப்பது

2017-இல் மாதம் 9.99 டாலருக்குத் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ், நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை ஒரே சந்தாவில் கொடுத்தது. 2025 அக்டோபரில் அதன் உயர்நிலைச் சந்தாவான அல்டிமேட்டின் விலை அமெரிக்காவில் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராக உயர்ந்தது. கூடை பெரிதாகப் பெரிதாக விலையும் ஏறுகிறது. ஏறிய விலையைப் பார்த்த மக்கள் எந்தச் சந்தாவை விடலாம் என்று எண்ணத் தொடங்குகிறார்கள். அந்தக் கூடையில் தருமபுரிப் பரிசலுக்கு இடம் கிடைக்கும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு முறை. மைன்கிராஃப்ட் விளையாட்டில் தனக்கென ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்கும் வசதியான ரெல்ம்ஸ் பிளஸ்ஸில், அதன் உரிமையாளர் ஒருவர் மட்டும் மாதச் சந்தா கட்டுகிறார். அவர் அழைக்கும் நண்பர்கள் ஒரே நேரத்தில் பத்துப் பேர் வரை கூடுதல் கட்டணமின்றி ஆடலாம். இதைப் பார்த்து 2023-இல் நாங்கள் “துறை” என்ற ஒன்றைத் தொடங்கினோம். ஒருவர் மாதம் 99 ரூபாய் கட்டினால் அவர் பெயரில் ஒரு பரிசல் துறை கிடைக்கும். ஏழு நண்பர்களை அழைத்து எப்போது வேண்டுமானாலும் போட்டி வைக்கலாம். பாலக்கோட்டு நண்பர் கூட்டம் ஒன்று மாதம் ஒருவர் என்று முறை வைத்துக் கட்டிக்கொண்டு இரண்டு ஆண்டுகளாக ஆடுகிறது. நம் ஊர்களில் டீக்கணக்கே அப்படித்தானே நடக்கிறது! மல்டிபிளேயர் சந்தாவின் வருங்காலம், தனி ஆளைவிட இத்தகைய சிறு கூட்டத்தைக் கணக்கில் கொள்வதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

முடிவு நாளைப் பற்றிப் பேசாமல் இருப்பது

2014-இல் விற்பனைக்கு வந்த தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. முழு விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதன் பிறகு தனியாகக்கூட ஆட முடியவில்லை. அந்தக் கோபத்திலிருந்து எழுந்த இயக்கத்திற்கு 2025-இல் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். நம் விளையாட்டும் ஒருநாள் நிற்கும். அந்த நாளில் என்ன நடக்கும் என்பதைக் காசு வாங்கும் திரையிலேயே எழுதுவது நம் கடமை.

காவேரிப்பட்டணத்து மாணவர்கள் வாழ்நாள் சந்தா வரியை அடித்துவிட்டு, அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். எங்கள் செயலியின் சந்தாப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பொத்தானுக்கு மேலே இப்படி இருக்கிறது: “இந்த விளையாட்டின் சர்வருக்கு அடுத்த ஆறு மாதக் கட்டணம் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. நிறுத்துவதாக இருந்தால் 90 நாள் முன்னதாக அறிவிப்போம். மீதி நாளுக்கான பணத்தைத் திருப்பித் தருவோம்.” ஒதுக்கிய தொகை குறைந்தால் அந்த “ஆறு” என்ற எண்ணை அன்றே நாங்கள் மாற்றி எழுதுகிறோம். சென்ற கோடையில் அது நான்காக இருந்தது.